வசந்தா பெயருக்குப் பக்கத்தில் இருந்த சொல்

1

இந்த ஊரில் கலியாணப் பதிவு ஆபீசின் நடையில் ஒரு கண்ணாடிப் பெட்டி மாட்டியிருக்கிறது. இன்னார் இன்னாரைக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்ற காகிதங்களை அதற்குள் குத்தி வைப்பார்கள். மூன்று வாரம் இருக்கும். ஆட்சேபம் உள்ளவர்கள் அதற்குள் வந்து சொல்லலாம். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மில்லில் காலை ஷிப்ட் முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் போய் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றேன்.

புதுச்சேரியில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்காது. என் பெயர் தனபாக்கியம். உழவர்கரையில் பிறந்தவள். பதின்மூன்று வயதில் நூல் மில்லுக்குள் நுழைந்தேன். இப்போது அறுபது ஆகப் போகிறது, இன்னும் நூல் மில்லில்தான் இருக்கிறேன். மாறியது மில் மட்டும்தான். பத்து வருஷமாக இங்கிலாந்தின் வடக்கில், மழை ஓயாத ஒரு பழைய மில் ஊரில், என் அண்ணன் மகள் வசந்தாவோடு குடியிருக்கிறேன். அவள் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். வந்து பத்து வருஷம் ஆகிறதே, ஏதாவது எழுதி அனுப்புங்கள் என்று ஊரில் இருந்து கேட்டிருந்தார்கள். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழையை வசந்தா திருத்தித் தருகிறாள். பிழையைத் தவிர வேறு எதிலும் கை வைக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

நான் தேடிய காகிதம் பெட்டியின் இடது மூலையில், மேலே இருந்தது. வசந்தாவின் பெயர். வயது முப்பத்தெட்டு. அவள் பெயருக்குக் கீழே ராபர்ட் என்று ஒருவர் பெயர். ராபர்ட் பெயருக்குப் பக்கத்தில் பெண்டாட்டி செத்தவர் என்பதற்கான சொல் இருந்தது. அது எனக்குத் தெரியும். வசந்தா பெயருக்குப் பக்கத்தில் இருந்த சொல்லைத்தான் கண்ணாடி மேல் விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன். முதல் நாலு எழுத்து எனக்குப் பழக்கம். மில்லில் கதவு மேலே இருக்கும், சம்பளச் சீட்டில் இருக்கும். ஸ்பின். நூற்பது. மீதியையும் சேர்த்தேன். ஸ்பின்ஸ்டர்.

ஆபீஸ்காரர்கள் ஏதோ குளறிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நூற்கிறவள் நான். ஒரே வீட்டு விலாசம் என்பதால் என் தொழிலைத் தூக்கி அவள் பேரில் போட்டுவிட்டார்கள். ஆனால் இரண்டு கட்டம் தள்ளி நர்ஸ் என்றும் சரியாகவே எழுதியிருந்தது.

உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் அங்கே போனது அந்தச் சொல்லுக்காக இல்லை. கலியாணத்துக்கு என் கையெழுத்தை இன்னும் யாரும் வந்து கேட்கவில்லையே, காகிதம் உண்மையிலேயே ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போயிருந்தேன்.

2

அதற்கு இரண்டு வாரம் முந்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வசந்தா சோற்றைப் பிசைந்தவள் பிசைந்தபடியே இருந்தாள்.

"அத்த, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"நானும் ராபர்ட்டும் கலியாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வந்துட்டோம்."

"எந்த ராபர்ட்டு?"

"ஒனக்குத் தெரியாதா இன்னா? பஸ் ராபர்ட்டு."

தெரியாமல் என்ன. அவர் ஓட்டுகிற பஸ்ஸில்தான் நாலு வருஷமாக மில்லுக்குப் போகிறேன். நான் வர ஒரு நிமிஷம் ஆனால் பஸ் நிற்கும். உள்ளே இருக்கிறவர்கள் முணுமுணுத்தால், "நம்ம மிஸ் வந்துடட்டும்" என்பார். நாற்பத்தைந்து வயது, அதிகம் பேசாத மனுஷர். மழை நாளில் குடை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு வா என்று வசந்தாவிடம் சொன்னது நான்தான். அவர் அவளைப் பார்த்தது அங்கேதான். இதில் யாரைக் குற்றம் சொல்வது.

"கொழம்புல உப்பு பத்தல" என்றேன்.

அவள் எழுந்துபோய் உப்பைக் கொண்டுவந்து வைத்தாள். அன்றைக்குப் பேச்சு அதோடு சரி.

எனக்கு வருத்தம் ராபர்ட் வெள்ளைக்காரர் என்பதில் இல்லை. புதுச்சேரியில் பிறந்தவளுக்கு வெள்ளைக்காரர் ஒரு புதுமையா. அவள் சொன்னாள், கேட்கவில்லை. அதுதான் வருத்தம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை நாலு வயதில் இருந்து வளர்த்தவள் நான். என்னைக் கேட்காமல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, வெயில் அடிக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

ஆனாலும் நான் பதறவில்லை. ஏன் என்றால், எங்கள் குடும்பம் அந்தக் காலத்தில் ஊர் வழக்கத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்கு எழுதிக் கொடுத்த குடும்பம். எங்கள் வீட்டுக் கலியாணம் எல்லாம் முதலில் கடற்கரை ஓரம் இருக்கிற மேரி என்கிற நகரசபை ஆபீசில்தான். அங்கே பெரியவர்களின் சம்மதம் எழுத்தில் வேண்டும். அப்பா இல்லாவிட்டால் அம்மா, அவளும் இல்லாவிட்டால் வளர்த்தவர்கள் என்று வரிசையாக வரும். கையெழுத்து விழுந்தால்தான் மேற்கொண்டு நடக்கும். சட்டம் எல்லா வெள்ளைக்காரருக்கும் ஒன்றுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆபீசில் இருந்து என்னைத் தேடி ஆள் வரும், இல்லாவிட்டால் கடிதமாவது வரும், அப்போது வசந்தா என் முன்னால் வந்து நின்றுதான் ஆகவேண்டும்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் தயாராக வைத்தேன். கதவில் கடிதம் விழுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போனேன். கையெழுத்தைப் போடுவேனா மாட்டேனா என்று எனக்கே தெரியாது. போடாவிட்டால் கலியாணம் நிற்கும் என்பது தெரியும். அவள் போய்விட்டால் இந்த ஊரில் தமிழில் ஒரு வார்த்தை பேச எனக்கு ஆள் இல்லை என்பதும் தெரியும். இரண்டு வாரம் வீட்டில் "பால் இருக்குதா", "இருக்குது" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. கடிதமும் வரவில்லை.

3

வசந்தாவுக்கு நாலு வயதில் அவள் அம்மா இரண்டாவது பிரசவத்தில் போய்விட்டாள், பிறந்த பிள்ளையும் தங்கவில்லை. அப்போது என் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்தார். வசந்தாவைப் பார்த்துக்கொள் என்று எழுதினார். இரண்டு வருஷத்தில் அவரும் அங்கேயே மண்ணாகிவிட்டார் என்று கடிதம் வந்தது. மில்லில் மாலை ஷிப்ட் விட்டுச் சங்கு ஊதியதும் வசந்தா கேட்டுக்கு எதிரில் வந்து நிற்பாள். என்னைக் குனியச் சொல்லி, தலையில் இருக்கிற பஞ்சை ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். மில் பெண்களை வீதியில் அடையாளம் காட்டுவது அந்தப் பஞ்சுதான். சிலர் வெட்கப்பட்டு முக்காடு போட்டுக்கொண்டு போவார்கள். நான் போட்டது இல்லை.

அறுபத்திரண்டில், புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக்காரராக இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். செத்த அண்ணனின் பட்டாளக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நானே போய் வரிசையில் நின்று, எனக்கும் வசந்தாவுக்கும் எழுதிக் கொடுத்தேன். தெருவில் எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னார்கள். அந்தக் காகிதம்தான் பின்னால் எங்கள் இரண்டு பேரையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தது. பிரான்சுக்குப் போயிருக்கலாம். வசந்தாவுக்கு வேலை இங்கே கிடைத்தது, எனக்கு மில் இங்கே இருந்தது.

வசந்தா கோரிமேட்டுப் பக்கம் நர்ஸ் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த பிறகு இரண்டு சம்பந்தம் வந்தது. ஒன்று வில்லியனூரில் ஒரு வாத்தியார். ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு வருஷம் கழித்துக் காரைக்காலில் இருந்து ஒருவர், சர்க்கார் ஆபீசில் கணக்கர், நல்ல குடும்பம். தூரம் என்று சொன்னேன். காரைக்கால் தூரம் என்று சொன்னவள்தான் அப்புறம் இங்கிலாந்துக்கு ஏறி வந்தேன். உண்மையான காரணம் ஜாதகமும் இல்லை, தூரமும் இல்லை. அவள் இல்லாத வீட்டை என்னால் நினைக்க முடியவில்லை. வசந்தாவிடம் கேட்கவில்லை. பெண்ணைக் கேட்டுப் பதில் சொல்கிற வழக்கம் அப்போது எங்கள் வீட்டில் கிடையாது.

4

செவ்வாய்க்கிழமை படித்த சொல் புதன்கிழமை வரைக்கும் நாக்கிலேயே இருந்தது. மில் கேன்டீனில் டோரீனிடம் கேட்டேன்.

டோரீன் எனக்கு அடுத்த இயந்திரத்தைப் பார்க்கிறவள். நான் முதல் முதல் இந்த மில்லுக்குள் கால் வைத்தபோது எனக்கு இருந்த இங்கிலீஷ் எஸ், நோ இரண்டும்தான். கடையில் சாமான் வாங்கினால் வாய் தானாக "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லும், கடைக்காரி திருதிருவென்று பார்ப்பாள். ஆனால் மில்லுக்குள் எனக்குக் கஷ்டம் இல்லை. ஊரில் எங்கள் மில்லிலும் இரைச்சலில் காது கேட்காது, வாய் அசைவும் கையும்தான் பேச்சு. இங்கேயும் அதே. அன்றைக்கு டோரீன் வாயை அகலமாக அசைத்து, மூன்றாவது வரிசையில் இழை அறுந்திருக்கிறது என்று காட்டினாள். நான் போய் ஒரு சுழற்றலில் ஒட்டிவிட்டு வந்தேன். அவள் கட்டை விரலைத் தூக்கினாள். அப்புறம் நாங்கள் சிநேகிதிகள். என் இங்கிலீஷ் பாதி அவள் கொடுத்தது. "இது மில் இங்கிலீஷ் அத்த, ஆஸ்பத்திரிக்கு வந்து பேசிடாத" என்று வசந்தா சொல்வாள்.

டோரீன் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"ஸ்பின்ஸ்டரா? யாரு ஒன்ன அப்பிடிச் சொன்னது?"

"என்ன இல்ல. வசந்தாவ எழுதியிருக்காங்க."

"ஓ, அந்தக் காயிதமா. அது ஒண்ணும் இல்ல லவ், கலியாணம் ஆவாதவன்னு அர்த்தம்."

இந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் லவ் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் முதலில் முறைத்தேன், இப்போது பழகிவிட்டது.

"ஆவாதவன்னா? எங்க ஊர்ல இருவது வயசுப் பொண்ணும் ஆவாதவதான்."

"இல்ல, இது வேற" என்று டோரீன் தேநீரை ஆற்றினாள். "வயசாகியும் யாரும் வந்து கேக்காத பொம்பள. வீட்ல பூனை இருக்கும். கிட்டப் போனா கடிக்கும்."

"பூனையா?"

"ரெண்டும்."

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ரொட்டியை இன்னொரு கடி கடித்தேன். யாரும் வந்து கேட்காத பொம்பளை என்று வசந்தாவைப் பெட்டியில் போட்டு, வீதியில் போகிறவர்கள் படிக்க வைத்திருக்கிறார்கள். அவளை வந்து கேட்டார்கள். இரண்டு தடவை கேட்டார்கள். திருப்பி அனுப்பியவள் இங்கே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கிறாள்.

அன்றைக்கு ஷிப்டில் மூன்று தடவை இழையைக் கோட்டை விட்டேன். எங்கள் மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

5

வியாழக்கிழமை நேராக ஆபீசுக்குள்ளேயே போனேன். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வேறு போடச் சொல்வது ஒன்று, என் கையெழுத்து என்ன ஆயிற்று என்று கேட்பது ஒன்று. மேசைக்கு அந்தப் பக்கம் நரைத்த தலை, கழுத்தில் சங்கிலி கட்டிய மூக்குக்கண்ணாடியோடு ஓர் அம்மா. என் வயதுதான் இருக்கும். முதலில் சொல்லைச் சொன்னேன். கேலிச் சொல்லை ஏன் எழுதுகிறீர்கள் என்றேன்.

அந்த அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. மாதத்துக்கு ஒருத்தியாவது இதைக் கேட்டுக்கொண்டு வருகிறாள் என்று சொல்லி, நாற்காலியைக் காட்டினார். "நீங்க எங்க வேல செய்யறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப இந்தச் சொல் உங்களோடதுதான்" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரைக்கும் எழுதுகிறேன். மில் எதுவும் வருவதற்கு முன்னால் இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு ராட்டை இருந்ததாம். அதில் நூற்கிறவளுக்கு அந்தப் பெயர். கடைசியில் ஸ்டர் என்று முடித்தால் அந்தத் தொழிலைச் செய்கிற பெண் என்று அர்த்தமாம், ரொம்பப் பழங்காலத்தில். நெய்கிறவள் வெப்ஸ்டர். அந்தப் பெயர்கள் எல்லாம் பின்னால் குடும்பப் பெயராகிவிட்டன. எங்கள் மேஸ்திரியின் பெயரே வெப்ஸ்டர்தான். ஆறடி ஆள், மீசை வேறு. அவரை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அந்த அம்மாவும் சிரித்தார்.

புருஷன் இல்லாத பெண்கள் நூற்றுத் தங்கள் கஞ்சியைத் தாங்களே குடித்தார்கள். ஊர்க் காகிதங்களில் பெயரை எழுதுகிறவர்கள் பக்கத்தில் தொழிலையும் எழுதினார்கள். எழுதி எழுதி, கலியாணம் ஆகாதவள் என்றாலே அந்தச் சொல் என்று ஆகிவிட்டது. ராட்டையைத் தொட்டுப் பார்க்காத ஜமீன்தார் மகளுக்கும் அதையே எழுதினார்கள். அப்புறம் ராட்டை போயிற்று, சொல் நின்றது. வீதியில் இருப்பவர்கள் அதை எடுத்துக் கேலிக்கு வைத்துக்கொண்டார்கள்.

"வீதியில இருக்குற அர்த்தம் எங்களுக்குத் தேவையில்ல. இந்தக் காயிதத்துல அதுக்கு ஒண்ணே ஒண்ணுதான்" என்றார் அந்த அம்மா. "இந்தப் பொண்ணு தன் பேச்சத் தானே பேசலாம். யாரையும் கேக்க வேண்டியதில்ல."

எனக்கு அடுத்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன். "நான் அவ அத்த. வளத்தவ. என் கையெழுத்து?"

"அவங்களுக்கு முப்பத்தெட்டு வயசு" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு, "உங்களுக்கு ஆட்சேபம் ஏதாவது இருக்குதா? அவங்களுக்கு ஏற்கெனவே கலியாணம் ஆயிருக்கு, அந்த மாதிரி?" என்று கேட்டார்.

எனக்குத் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்பதை ஆட்சேபமாக எழுதிக்கொள்வார்களா. இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பெஞ்சியில் உட்கார்ந்தேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. வருஷக்கணக்காக நினைக்காமல் விட்டது. எனக்கு இருபத்துநாலு வயது. மேரியில் பெரிய கூடம். மேர், அதாவது நகரசபைத் தலைவர், தோளில் மூன்று நிறப் பட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். எங்கள் அப்பா கையெழுத்துப் போட்டாகிவிட்டது, மாப்பிள்ளையின் அப்பா போட்டாகிவிட்டது. என்னிடம் பிரெஞ்சில் கேட்டார்கள். குமாஸ்தா தமிழில், "இவரப் புருஷனா ஏத்துக்கச் சம்மதமாம்மா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு தடவை கேட்டார்கள். அப்பா பின்னால் இருந்து முதுகில் கிள்ளினார். மூன்றாவது தடவையும் பேசாமல் நின்றேன். மேர் பதிவேட்டை மூடிவிட்டார். "அந்தப் பொண்ணு சொல்லாம நான் எழுத முடியாது" என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னார்.

மாப்பிள்ளையிடம் குறை ஒன்றும் இல்லை. கலியாணம் ஆனால் மில்லை விட வேண்டும் என்றிருந்தார்கள். எனக்கு மில் பிடித்திருந்தது. அவ்வளவுதான். அப்பா ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை.

என் பிரெஞ்சுக் காகிதத்தில் செய்கிற தொழிலுக்கு ஒரு கட்டம், செய்யாத கலியாணத்துக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியாக இருக்கும். ஊரில் கட்டமே தேவைப்படவில்லை. கலியாணம் ஆவாதவ, புள்ள இல்லாதவ என்று இல்லாததை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். என் பேச்சை யாரும் பேச விடாமல் அன்றைக்கு நின்ற நான், வில்லியனூருக்கும் காரைக்காலுக்கும் வசந்தாவின் பேச்சைப் பேசி அனுப்பினேன். பெஞ்சியில் இருந்து எழுந்திருக்க நேரம் ஆயிற்று.

6

வசந்தா ஆறு மணிக்கு ட்யூட்டி முடித்து வந்தாள்.

"இன்னா அத்த, சட்டகூட மாத்தாம ஒக்காந்துனு இருக்க?"

"ஆபீசுக்குப் போயிருந்தேன்."

"எந்த ஆபீசு?"

"ஒன் காயிதம் இருக்குற ஆபீசு."

ஒரு காலில் ஷூவோடு அப்படியே நின்றாள். "எதுக்கு?"

"எங்கிட்ட யாரும் கையெழுத்து வாங்கலியேன்னு கேக்க."

"இங்க அதெல்லாம் கெடயாது அத்த."

"இன்னிக்குத்தான் தெரியும்."

"அதான் ரெண்டு வாரமா மூஞ்சத் தூக்கி வெச்சினு இருந்தியா? நான் அவரு வெள்ளக்காரர்னு கோவமோன்னு நெனச்சேன்."

"பொழுது விடிஞ்சா அவரு பஸ்லதான் போறேன், அவரு மேல எனக்கு இன்னா கோவம். நீ சொன்ன. கேக்கல."

"கேட்டா நீ வேணாம்னு சொல்லுவ."

வசந்தா எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். "வில்லியனூர் வாத்தியாரு ஒருத்தரு வந்தாரு. நீ ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேந்த வருஷம். ஜாதகம் அது இதுன்னு சொல்லி நான்தான்..."

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"அவரு தங்கச்சி எங்கூட வார்டுல இருந்தா. ஒங்க அத்த எங்க அண்ணன வாசலோட அனுப்பிட்டாங்கன்னு வருஷம் பூரா குத்திக் காட்டினா. எனக்கு அப்ப கலியாணம் வேணாம். நீ அனுப்பினது வசதியாதான் இருந்துச்சு."

"காரைக்கால்காரரு?"

வசந்தா இன்னொரு ஷூவைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து ஓரமாக வைத்தாள்.

"அவர நான் பாத்திருக்கேன். ஆஸ்பத்திரிக்கு அவங்க அம்மாவ இட்டுனு வருவாரு. அவரு கேட்டு அனுப்பினப்ப எனக்கு வேணும்னுதான் இருந்துச்சு."

"சொல்லியிருக்கலாமே."

"நீ கேக்கலியே அத்த."

அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து அடங்கிவிட்டது. நான் அவளைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டுக்காரி துணியை உள்ளே எடுத்துக்கொண்டிருந்தாள். வசந்தாவும் அதையே பார்த்தாள்.

"அழுவாத" என்றாள்.

"அழுவல. பஞ்சுத் தூசி."

"ஆமா, ஆமா."

அப்புறம் நான் சொன்னேன். "சட்டப்படி எங்கையில ஒண்ணும் இல்ல. நான் போட்டாலும் போடாட்டியும் நடக்கும்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. இருந்தாலும் சொல்றேன். எனக்குச் சம்மதம். யாரும் கேக்காமதான் குடுக்கறேன்."

"கேக்காமக் குடுக்கறத வாங்கிக்கலாமா?"

"வாங்கிக்கிட்டா வாங்கிக்க. இல்லாட்டிப் போ."

வசந்தா சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாக ஆயிற்று, முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாங்கிக்கறேன். ஆனா இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். சாட்சிக்கு ரெண்டு பேரு கையெழுத்து போடணும். அவரு பக்கம் அவங்க அக்கா. எம்பக்கம் யாருன்னு இன்னும் சொல்லல. நீ வரியா?"

"எந்தப் பொடவயக் கட்றது?"

"அது ஒன் இஷ்டம்."

"அப்ப நீ பழசுன்னு சொல்ற அந்தப் பச்சையத்தான் கட்டுவேன். அதுக்கு ஒண்ணும் சொல்லக் கூடாது."

"ஒண்ணும் சொல்லல" என்றாள்.

7

அடுத்த சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கலியாணம் நடந்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. டோரீன் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சம்மதமா என்று வசந்தாவைக் கேட்டபோது, கூடத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி பதில் சொன்னாள். பெரிய பதிவேட்டில் அவள் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கடைசி முறையாக எழுதினார்கள். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். ராபர்ட்டின் அக்கா எனக்காகப் பேனாவைத் திறந்து கொடுத்தார், நான் முடிக்கிறவரைக்கும் பின்னால் வரிசை நின்றது, யாரும் இருமக்கூட இல்லை.

அவர்கள் இப்போது நாலு தெரு தள்ளி ராபர்ட்டின் வீட்டில் இருக்கிறார்கள். என்னையும் வந்துவிடச் சொன்னார்கள். அங்கே போய் நான் என்ன செய்வது. மில்லுக்குப் போகிற பஸ் நிற்பது இந்த வீட்டுப் பக்கம்தான். வசந்தா வாரத்தில் மூன்று நாள் வருகிறாள், இந்தக் காகிதங்களைத் திருத்துகிற சாக்கில். காரைக்கால் பற்றி எழுதிய இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். பிறகு ஓர் ஒற்றெழுத்தை மட்டும் திருத்திவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

இது நகரசபை வாடகைக்கு விட்ட வீடு, இதுவரைக்கும் அவள் பேரில் இருந்தது. என் பேருக்கு மாற்ற வேண்டும் என்று நகரசபையில் இருந்து போன வாரம் ஒரு படிவம் வந்தது. நாலு பக்கம். நான் நிரப்பித் தருகிறேன் என்றாள் வசந்தா. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு மத்தியானம் ஆயிற்று. பெயர், பிறந்த ஊர், தொழில் எல்லாம் எழுதி, கலியாண விவரம் கேட்கிற கட்டத்துக்கு வந்தேன். அதே சொல், எட்டு எழுத்து. ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து எழுதினேன். என் எழுத்து கொஞ்சம் பெரிசு. கட்டத்தில் இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்தும் கோட்டைத் தாண்டிப் போய் நின்றன. இருக்கட்டும் என்று அப்படியே தபாலில் போட்டேன்.